காற்றில் ஒரு கைப்பிடி

குளியலறைச் சாமான்கள் செய்யும் கம்பெனியில் அவள் வடிவமைப்பாளர். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக அவள் வரைந்த கைப்பிடிக் கம்பியை இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை. தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் மட்டும் பளபளவென்று ஒரு குளியலறையும், அதன் சுவரில் அந்தக் கம்பியும் தெரியும். ஆபீஸே மாட்டிப் பார்த்து ஆஹா ஓஹோ என்றது. கைகால் திடமாக இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேறென்ன இருக்கிறது?

"நிஜமாவே கஷ்டப்படுற ஒருத்தர் பார்த்துச் சொன்னா நல்லது," என்றார் மேனேஜர்.

அவள் கணவரைக் கூட்டிவந்தாள். பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கும் மனசு மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள், அவ்வளவுதான். அவரோ மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, வீட்டுக் குளியலறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே குளிக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். அவருக்கு மிச்சமிருந்த ஒரே வீறாப்பு அது.

கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். "அடேங்கப்பா, நம்ம வீட்டுதைவிட ஜோரா இருக்கே!" என்று சிரித்தார். வலது கையை நீட்டி, எப்போதும் போல உடம்பின் பாரம் முழுவதையும் கம்பியின் மேல் போட்டார்.

அங்கே காற்றுதான் இருந்தது.

மடேரென்று விழுந்தார். அத்தனை பேர் பார்த்ததில் ஒருவர்கூட அதில் சாய்ந்ததில்லை. சாயவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. மேனேஜர் பதறியடித்து ஓடினார். அவள் கண்ணோ, அவர் பார்ப்பதைக் காட்டும் திரைக்குத்தான் முதலில் போனது. கை சரியான இடத்தில் பட்டிருந்தது. உயரம் சரி, என்று நினைத்தாள். பிறகுதான் அவரிடம் குனிந்தாள்.

"ஒண்ணும் இல்லைம்மா," என்றார். முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது.

மறுநாள் காலை வீட்டுக் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். கை, கம்பிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

"இது இருக்குதானே?"

"இருக்குங்க. தெரியுதுல்ல?"

"நேத்து அதுவும்தான் தெரிஞ்சுது."

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்காத குறையாக ஆட்டிக் காட்டினாள். அது அசையவில்லை. அவர் தலையாட்டினார். பிறகு கம்பியைத் தொடாமலே அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீயே குளிப்பாட்டி விட்டுடும்மா," என்றார், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

"சரிங்க," என்றாள். குழாயைத் திறந்து, தண்ணீரின் சூடு பதமா என்று தொட்டுப் பார்த்தாள்.