டிரம்முக்குள் கிடந்த வெள்ளி அணில்

பட்டறையில் எல்லோரும் 'பாலிஷ் அக்கா' என்று கூப்பிடுகிற அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கையில் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டே வெள்ளியா, பித்தளையா, ஈயமா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று மத்தியானம் நெஞ்சு திக்கென்றது.

பட்டன்களைத் தேய்த்து வழவழப்பாக்கக் கல்லும் சோப்புத் தண்ணீருமாகப் போட்டு உருட்டும் டிரம்மில், உள்பக்க ரப்பர் கிழிந்து ஒழுகியது. மாற்றலாம் என்று ரப்பரைப் பிய்த்தாள். கிழிசலுக்குள் நாலைந்து கற்களோடு சிக்கிக் கிடந்தது, புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளித் துண்டு. சோப்பு வழுக்கியது. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. என்னவோ உடைசல் என்று ஓரமாக வீசப் போனாள். கையை ஓங்கிய வேகத்தில் உள்ளே ஒரு குட்டி மணி உருண்டது. கிணுக்.

அம்மாவின் அணில்!

சட்டையில் குத்திக்கொள்கிற அந்த வெள்ளி அணிலை அவளுக்குத் தெரியாதா? முதுகில் மூன்று கோடு. நகத்தால் வருடினால் கிர்ரென்று ஓடும். வாலில் ஊசியால் கீறிய முடி, பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்றிருக்கும். காலையில் சட்டைக் காலரில் குத்தும்போது கழுத்தில் சில்லென்று படும். டீ குடித்து முடிப்பதற்குள் உடம்புச் சூடு ஏறிவிடும். மோந்து பார்த்தால் அம்மா பூசின பவுடர் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். அம்மா உயிரோடு இருந்தவரை, அவள் வருகிறாள் என்பதே அந்தக் கிணுக் சத்தத்தில்தான் தெரியும். அம்மா போனபிறகு இவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

போன மாதம் அது காணாமல் போனது. வேலைக்கு உட்காரும்போது அதைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுவாள். டிரம்முக்குப் போகவேண்டிய பட்டன்கள் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் வந்தவள் தம்பி பெண்டாட்டி ஒருத்திதான். போதாதா? பட்டறையே வேடிக்கை பார்க்க, "உன் பையைக் கொட்டு" என்று இவள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினாள். சின்னவள் பையைக் கொட்டினாள், அழுதாள், "நான் எடுக்கல அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் கேட்டது?

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கிண்ணம் மாற்றி டிரம்மில் கவிழ்த்தது தன் கைதான் என்று இப்போது உறைத்தது. சே! கண்ணை மூடிக்கொண்டே வெள்ளியைக் கண்டுபிடிக்கிறாளாம்!

மேலே வீட்டிலிருந்து கட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது. தம்பியும் அவன் பெண்டாட்டியும் இன்றைக்குத் தனிக்குடித்தனம் போகிறார்கள். வாசலில் வேன் நிற்கிறது.

பேசாமல் இதைப் பழைய வெள்ளி டப்பாவில் போட்டுவிட்டால்? ஈ காக்கைக்குத் தெரியாது. இதை அணில் என்று இனி எவன் சொல்லப்போகிறான்? அப்படி ஒரு யோசனை வந்ததே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

சின்னவள் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துண்டு சுற்றிய மிக்ஸி. தம்பி பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் நில்லும்மா. இதைப் பாரு."

சின்னவள் வாங்கிப் புரட்டினாள். "என்ன அண்ணி இது?"

"ஆட்டிப் பாரு."

காதருகில் வைத்து ஆட்டினாள். கிணுக். அவள் முகம் வெளிறிப்போனது. தம்பி கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தான். அந்தச் சத்தம் அவனுக்கும் தெரியும்.

"அக்கா... இது அம்மாவோடது!"

"டிரம்முக்குள்ள கிடந்துச்சுடா. போட்டது நான்தான். என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். இவளைப் போய்..." வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இறங்கும்மா. தயவு பண்ணிப் போகாதே."

சின்னவள் அந்த வழவழப்பைக் கட்டைவிரலால் தடவினாள். கோடு இருந்த இடத்தில் கோடு இல்லை, வால் இருந்த இடத்தில் வால் இல்லை.

"நான் எத்தனை தடவை சொன்னேன் அண்ணி," என்றாள். குரல் உயரவே இல்லை. "நம்பல நீங்க. இந்த அணில் ஒரு தடவை சொன்னதும் நம்பிட்டீங்க."

அதை அண்ணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். தம்பி கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு ஏறிக்கொண்டான். வேன் தெருமுனையில் திரும்பிய பிறகும் பாலிஷ் அக்கா அங்கேயே நின்றாள். மூடிய கைக்குள் மணி உருண்டுகொண்டே இருந்தது.