வால் வைத்த துரோன்

...எண்ணெய் இன்னும் காயவில்லை, காயாத எண்ணெயில் சர்க்கரையைப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்து கருகிவிடும், அம்மா சொன்னதுதான், எனக்கு ஒன்பது வயது வரைக்கும் அவள் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு சொல்ல அவள் இங்கே எங்கே இருந்தாள், ஹாங்காங்கில் யார் வீட்டிலோ, யார் பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைதான் இப்போது எங்கள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான். கெல்வின். ஆள் வளர்ந்து, கண்ணாடி போட்டு, விமானம் ஏறி மணிலா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து லுசேனா வரைக்கும் வந்திருக்கிறான், வளர்த்தவளைப் பார்க்க. காலையிலேயே அம்மா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டாயிற்று. “லிகாயா, அவனுக்கு துரோன்னா உசுருடி. சுடச்சுடப் போட்டுக் குடு.” உசுராம். என் உசுர் எதில் இருந்தது என்று யாராவது கேட்டார்களா?

சபா வாழையை நீளவாக்கில் கீறி, சர்க்கரையில் புரட்டி, மெல்லிய மாவுத் தாளில் வைத்துச் சுருட்டி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, எண்ணெயில் பொரித்தால் துரோன்... விரல் தானாகச் செய்கிறது. பள்ளி விட்டு ஓடிவருவேன், டிரைசைக்கிள் நிற்கிற முக்கில் அம்மாவின் வாணலி, சர்க்கரை உருகி துரோன் மேலே பளபளவென்று ஒட்டியிருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பித் தட்டில் சாய்த்து வைத்திருப்பாள். விற்கிறதில் வெறும் வாழைதான். ஒன்றே ஒன்றில் மட்டும் பலாச்சுளைக் கீற்று இருக்கும், அடையாளத்துக்கு அதன் ஒரு நுனியை வால் மாதிரி முறுக்கி விட்டிருப்பாள். டிரைசைக்கிள்காரன் எவனாவது அதை எடுக்கப் போனால் கரண்டியை ஓங்குவாள். “அதுல கைய வச்சே, முறிச்சிருவேன். அது என் மவளோடது.” என் மவளோடது... ஊரெல்லாம் கேட்கச் சொன்னவள் அடுத்த ஜூனில் பெட்டி கட்டினாள். காகிதத்தில் என் பாதத்தை வரைந்து அனுப்பச் சொல்வாள், அனுப்புவேன், அந்த அளவுக்குச் செருப்பு வாங்கி, பெட்டி நிறைந்து, கப்பல் ஏறி வருவதற்குள் என் கால் வளர்ந்துவிட்டிருக்கும். ஒரு செருப்பாவது சேர்ந்ததா? கெல்வினுக்கு எல்லாம் அளவாகத்தான் இருந்திருக்கும், கால் பக்கத்திலேயே இருந்ததே.

முன்னறையில் சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த ஊர்ப் பாஷை, எனக்கு ஒரு சொல் புரியாது. அம்மா இப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது, எரிகிறது, ஆமாம், வயிறு எரிகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான், ஆங்கிலத்தில், கூச்சத்தோடு, “அக்கா, ஒண்ணு மட்டும் வால் முறுக்கிப் போடுவீங்களா? ஆன்ட்டி எனக்குன்னு தனியா போடுவாங்க, சின்ன வயசுல.” கையிலிருந்த தாள் கிழிந்துவிட்டது. உனக்கென்றா? “போடறேன், போய் உக்காருங்க,” என்று என் வாய் சொல்கிறது. இருந்த ஒன்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டாளா, வாலைக்கூடவா...

முறுக்கினேன். ஒன்றே ஒன்று, உள்ளே பலாக் கீற்றும் வைத்து. அவனுக்காக இல்லை. அவள் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், நாற்பத்தாறு வயதில் எனக்கு இந்த வீம்பு. எண்ணெய் காய்ந்தது, சர்க்கரை போட்டேன், மிதந்தது, உருகிப் பிடித்தது. அடுத்த ஈட்டை வாணலியில் விட்டுவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் வைத்தேன். அம்மாவின் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வால் வைத்ததை எடுத்தாள், ஊதினாள், அவனிடம் நீட்டினாள். அவ்வளவுதான், பார்த்தாயிற்று, இதற்குத்தானே முறுக்கினாய்?

அவன் கடித்தான். மென்றான். முகம் சுளித்தது. “ஆன்ட்டி, இது என்ன உள்ளே? நீங்க போடறதுல வெறும் வாழைதானே இருக்கும்?”

அம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, விரலில் ஒட்டிய சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பலா,” என்றாள். அப்புறம், “லிகாயா, தீயுற வாசன வருது, அடுப்பப் போய்ப் பாரு.” ஓடிப்போய் அணைத்தேன், வாணலியில் சர்க்கரை கறுத்துவிட்டிருந்தது. அத்தனை வருஷமும் அவனுக்குப் போட்டதில் பலாவே இல்லையா? அது என்னுடையது என்று விட்டுவைத்தாளா, இல்லை அங்கே பலா கிடைக்கவில்லையா, அவ்வளவு பெரிய ஊரில் டப்பாவில் அடைத்தாவது விற்க மாட்டார்களா... முன்னறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் சொல்லிவிடுவாள், கிடைக்கலடி என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவாள். கருகிய வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.