ஓரெஸ்ட் பிலாக்கின் இடது கண்

ஓரெஸ்ட் பிலாக் தன் சுயசரிதையில் முதல் சண்டையை எழுதி முடித்த காலையில், இரண்டு நாள் ரயில் தூரத்தில் கியூபெக்கில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஜில்பேர் கார்னோவுக்கு வலது கண் வீங்கிக் கறுத்தது. அந்த வாரம் பார்லி விலையும் விழுந்திருந்ததால் ஓரெஸ்டின் ஊரான ஹாரோ லேக்கில் பார்லியைப் பற்றித்தான் பேச்சு. கண் செய்தி வியாழக்கிழமைதான் வந்தது, தொலைபேசியில், ஜில்பேரின் வாயாலேயே. வாடிக்கையாளரிடம் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டும்போது முகத்தில் ஐந்து குத்து விழுந்ததாம், குத்திய கை மட்டும் தென்படவில்லையாம். குத்துகளை அவர் மறுக்கவில்லை, கணக்கைத்தான் மறுத்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கியது இரண்டு, மீதி மூன்றை எந்த உரிமையில் எழுதினாய் என்று கேட்டார். ஓரெஸ்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஐந்தை அடித்து இரண்டு என்று திருத்தினார். தொலைபேசியின் மறுமுனையிலேயே வீக்கம் பாதி வற்றியது. ஜில்பேர் நன்றி சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு பாலிசியும் விற்கப் பார்த்தார்.

ஐஸ் ஹாக்கி ஆடிய காலத்தில் ஓரெஸ்டின் வேலை கோல் போடுவதல்ல. கோல் போடுகிற பிள்ளைகளை எவனாவது முழங்கையால் இடித்தால், இடித்தவனைப் போய் விசாரிப்பது. ஒவ்வோர் அணியிலும் அப்படி ஓர் அடியாள் உண்டு. அந்த வேலைக்கு மரியாதைகளும் உண்டு. முதலில் "போலாமா?" என்று கேட்க வேண்டும், அவன் "போலாம்" என்ற பிறகுதான் கையுறையை உதற வேண்டும். முடிந்ததும் இருவரும் களத்தோரத் தண்டனைப் பெட்டிகளில் உட்கார்ந்து, நடுவிலிருக்கும் கண்ணாடி வழியாகப் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்துக்கொள்ள வேண்டும். ஐஸில் விழும்போது யார் மேலே கிடக்கிறானோ அவன் ஜெயித்தவன். ஓரெஸ்ட் குளிர்காலமெல்லாம் இந்த உத்தியோகத்தையும் கோடையில் பார்லியையும் பார்த்து, முட்டி தேய்ந்ததும் இரண்டிலும் ஓய்வு பெற்றார்.

புத்தகம் வளர வளர நாடெங்கும் முகங்கள் வீங்கின. ஓர் ஓட்டல்காரர் தன் பல்லைச் சூப்பிலிருந்து எடுத்தார். பாதிரியாராகிவிட்ட ஒருவர், ஈஸ்டர் முடியும்வரை தன் அத்தியாயத்தைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டார், ஓரெஸ்டும் வைத்தார். சிலர் நேரிலேயே வந்து, தங்களை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டார்கள். மனைவி வெர்னா அவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையும் உறைந்த பட்டாணிப் பொட்டலமும் கொடுத்தாள், முன்னது வாய்க்கு, பின்னது கண்ணுக்கு. ஒருவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எழுதாமல் விடப்பட்ட ஒருவர்தான் கோபித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது எதிரணி அடியாள் செல்மர் விக்குடன் போட்ட சண்டை. ஹாரோ லேக்கின் பெருமையே அதுதான். ஐஸ் அரங்கத்தின் வாசல் சுவரில் ஆளுயரத்தில் வரைந்திருந்தார்கள்: செல்மர் மல்லாந்து கிடக்கிறார், மேலே ஓரெஸ்ட். ஆனால் செல்மருக்கு இலையுதிர் காலத்தில்தான் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். பனி அள்ளக்கூடாது, படியேறும்போது பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. அந்த நெஞ்சின்மேல் இடக்கைக்காரர் ஓரெஸ்டின் பழைய குத்தை எப்படி இறக்குவது? வார்த்தையைத் தணித்து, செல்மரைக் கன்னத்தில் தட்டினேன் என்று மட்டும் எழுதிப் பார்த்தார். காபி ஆறுவதற்குள் செல்மரின் மனைவி கூப்பிட்டு, மனுஷன் சாப்பாட்டு மேசையிலிருந்து சரிந்துவிட்டார், உதடெல்லாம் நீலம் என்றாள். ஓரெஸ்ட் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அந்தச் சண்டை இல்லாமலே அனுப்பியபோது பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அரங்கத்துக் காபிக்கடையில் கிழவர்கள் விடவில்லை. "செல்மர் இல்லாத புத்தகமா? அதுக்குப் பார்லி வெதைக்கிறது எப்படின்னு எழுதலாமே, ஓரெஸ்ட். அதுவும் உனக்கு வராது" என்றார்கள்.

வெர்னாவுக்கும் தெரியாத ஒன்று ஓரெஸ்டுக்குத் தெரியும். அன்றைக்குக் குத்து விழுந்தது அவருக்குத்தான். செல்மரின் வலக்கை ஒரே ஒருமுறை வந்தது, ஓரெஸ்ட் நின்றபடியே நினைவிழந்தார். நினைவு திரும்பியபோது ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது, அவர் செல்மரின் மேல் கிடந்தார். தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்ததும் செல்மர் கண்ணாடி வழியாகச் சொன்னார்: முன்வரிசையில பச்சைத் தலைத்துணி கட்டியிருக்கிறது உன் அம்மாதானே, சிரிச்சு வை, பயந்துபோயிருக்காங்க. ஓரெஸ்டின் சட்டையைப் பிடித்து விழாமல் தாங்கி, தான் அடியில் போய் விழுந்திருந்தார் செல்மர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓரெஸ்டும் சொல்லவில்லை. சுவரில் வேறு வரைந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்மரே கூப்பிட்டார். மூச்சு இரைந்தது.

"ஊர் சொல்றபடியே எழுதிடுடா. உனக்காக ஒருதரம் விழுந்தவன், இன்னொருதரம் விழ மாட்டேனா?"

"செத்துப்போவ, மடையா."

"போனா என்ன? மேல கெடக்கிறவன்தான் ஜெயிச்சவன். நான் மேலயே போயிடறேன்."

ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், பல்செட்டை எடுத்துக் கோப்பையில் போட்டார். வெர்னா பீங்கான் தட்டுகளை ஒதுக்கினாள், எத்தனையோ பேரை அந்த மேசையில் பார்த்தவள். ஓரெஸ்ட் தொலைபேசியில் குனிந்து, பல்லில்லாத வாயால் கேட்டார்.

"செல்மர், போலாமா?"

செல்மருக்குப் புரிந்துவிட்டது.

"சுவத்துல வரைஞ்சிருக்காங்கடா."

"சுவரு கெடக்கட்டும். போலாமா?"

"சரி. போலாம்."

ஓரெஸ்ட் நடந்ததை நடந்தபடி எழுதினார். பச்சைத் தலைத்துணியை எழுதினார். செல்மரின் வலக்கை வந்தது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்ததும் வந்தது. நாற்காலியோடு போய் ஃபிரிட்ஜில் மோதிக் கீழே சரிந்தார். தாங்கிப்பிடிக்க இம்முறை யாரும் இல்லை. கண்விழித்தபோது இடது கண்மேல் பட்டாணி குளிர்ந்துகொண்டிருந்தது, வெர்னா தொலைபேசியை அவர் காதில் வைத்திருந்தாள். செல்மரின் குரலில் இரைப்பு இல்லை.

"இருக்கியாடா?"

"இருக்கேன்."

"அம்மா இன்னைக்கு வரலையே?"

"இல்ல."

"அப்பக் கீழயே கெட."

ஓரெஸ்ட் கீழேயே கிடக்க, இருவரும் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற வெர்னா, என்னைப் பற்றி என்னிடமே கேட்கலாமே என்றாள்.

மறுநாள் காலை அரங்கத்துச் சுவரில் மேலே கிடந்த ஓரெஸ்டின் இடது கண் கறுத்து மூடியிருந்தது, அவரது சட்டையைச் செல்மரின் கை பற்றியிருந்தது. அந்தக் கையை அதுவரை யாரும் வரைந்திருக்கவில்லை. நகரசபை கூடி, வெள்ளையடிப்பதா என்று பேசி, பெயின்ட் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றது. காபிக்கடையில் ஒரு வாரம் ஓரெஸ்டோடு யாரும் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு கிழவர், "அப்ப நாங்க இத்தனை வருஷம் கைதட்டினது தூங்கிக்கிட்டிருந்தவனுக்கா?" என்று கேட்டார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது.

புத்தகம் நன்றாகப் போகிறது. அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் ஓரெஸ்டுக்கு இடது கண்ணில் ஒன்று விழுகிறது, அதனால் ஓட்டுவதற்கு முதல்நாள் தெரிவிக்கும்படி வெர்னா பதிப்பகத்தாரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவர்களும் தவறாமல் தெரிவிக்கிறார்கள். செல்மர் இப்போது பனி அள்ளுகிறார். மூன்றாம் பதிப்பு விதைப்பு முடிந்ததும் வருகிறது. கூட்டுறவுக் கடையில் பட்டாணி மலிவாக இருந்தபோதே வெர்னா வாங்கிப் போட்டுவிட்டாள்.