காற்றுக் காலத்துப் பனியாறு

ஆனி பிறந்தால் ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். கணவாய் வழியாக வரும் காற்று நோட்டுகளைப் பறக்கவிட்டு, மண்ணை வாரிக் கண்ணில் கொட்டும். சாத்தினாலோ கரும்பலகை தெரியாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் அந்த அரையிருட்டில்தான் ஜெப்சி பனியாற்றை முதன்முதலில் கேட்டாள்.

ஆம், கேட்டாள். லீலாபாய் டீச்சர் புத்தகத்தை மூடிவைத்து, குரலைத் தாழ்த்தி, தூரதேசத்து மலையிடுக்கு வழியாக இறங்கிவரும் பனியைப் பற்றிச் சொன்னார். வெளியே காற்று கதவை உலுக்கியது. மலையிடுக்கு வழியாக வருவது எதுவானாலும் பாய்ந்துதான் வரும் என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சேதி. ஆகவே ஜெப்சியின் பனியாறு வெள்ளைக் குதிரைக் கூட்டமாக, மரங்களைச் சாய்த்துக்கொண்டு வந்தது. பிறகு கல்லூரியில் சரியாகப் படித்தும் அந்தக் குதிரைகள் அவளை விட்டுப் போகவில்லை. பனிநாட்டு நாவல் எதை எடுத்தாலும் குளம்புச் சத்தம் கேட்கும்.

இப்போது அதே வகுப்புக்கு அவள் டீச்சர். ஜன்னலைச் சாத்தி, அதே தாழ்ந்த குரலில் பனியாற்றைச் சொன்னாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியர் தாணுலிங்கம் கூப்பிட்டனுப்பினார்.

“டீச்சரே, ஒங்க பிள்ளைய எழுதினத பாத்தியளா? பனியாறு வந்து வீட்டு ஓட்டைத் தூக்கிட்டுப் போச்சாம். இது பனியாறா, நம்மூரு ஆடிக்காத்தா?”

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்தேன் சார்.”

“ரொம்ப நல்லாச் சொல்லிட்டிய. அதான் கேடு. புரொஜெக்டர் உறையைக்கூடக் கழட்டாம கெடக்கு. போட்டுக் காட்டுங்க.”

ஜெப்சிக்கு மனம் வரவில்லை. படத்தைக் காட்டிவிட்டால் குதிரைகள் செத்துப்போகும். தன்னுடையவை மட்டுமல்ல, பிள்ளைகளுடையவையும். ஆனாலும் அந்த விடைத்தாள்களை நினைத்துக்கொண்டு மறுநாள் ஜன்னல்களைச் சாத்தினாள். புரொஜெக்டருக்கும் அந்த இருட்டுதான் வேண்டியிருந்தது.

சுவரில் பனி விழுந்தது. அழுக்கேறி, சாம்பல் நிறத்தில், அசையாமல் கிடந்தது.

“டீச்சர், படம் ஹேங் ஆயிட்டு!” என்றான் சிஜின்.

“ஏலே, கண்ணத் தொறந்து பாரு. பறவை பறக்குதுல்லா?” என்றாள் பிந்து.

“அப்போ பனி ஏன் நிக்குது?”

“நிக்கல்ல மக்கா, நடக்குது,” என்றாள் ஜெப்சி. “நாள் முழுக்க நடந்தாலும் ஒரு முழந்தான் போவும்.”

“எங்க தாத்தா இதவிட ஸ்பீடு டீச்சர்!”

வகுப்பு சிரித்தது. அடுத்து, வருஷக்கணக்காக எடுத்த படங்களைக் கோத்து ஓட்டிய காட்சி வந்தது. பனி நெளிந்தது. முதுகில் ஒரு பெரிய கல்லும் மண்ணும் சுமந்து, மலையைத் தேய்த்துக்கொண்டு, பொறுமையாக இறங்கியது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஜெப்சி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைகள் எங்கேயும் இல்லை.

பிந்து எழுந்தாள். “டீச்சர், அந்தப் பெரிய கல்லு பனி உருகின பொறவு எங்க போவும்? அங்கயே கெடக்குமா?”

லீலாபாய் டீச்சரின் இருட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுமில்லை. அவரவர் குதிரையில் ஏறி அவரவர் போய்விட்டார்கள்.

ஜெப்சி படத்தைத் தொடக்கத்துக்கு நகர்த்தினாள்.

“எல்லாரும் அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருங்க,” என்றாள்.