சுமார்தான் என்றேன்

1998 ஜூலையில், பென்சில்வேனியாவில் உள்ள ஒரு கல்லூரியின் நீச்சல் கோச், நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். மகள் தென்றல் பிராக்டிஸுக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். அவள் எப்படி நீந்துவாள் என்று அந்த அம்மாள் கேட்டார். சுமார்தான், அவளைவிட நன்றாக நீந்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்றேன். பெற்ற பிள்ளையை நாமே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவன். மரியாதையாகப் பேசிய திருப்தியோடு போனை வைத்தேன்.

அணிக்கு ஆள் தேடும் கல்லூரி கோச்சுகள் வாரம் ஒருமுறை கூப்பிடலாம் என்பது விதி. அவளோடு நீந்தும் பெண்களுக்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் போன் மூன்று வாரம் சும்மா கிடந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தென்றல் ஆசைப்பட்ட கல்லூரி அது ஒன்றுதான். கோச்சிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். மாடிக்குப் போய்விட்டாள். நான்கு நாள் வீட்டில் அவள் குரல் கேட்கவில்லை.

என் மனைவி வசந்தாமணி இதைத் தன் தோழி ஜெயகுமாரியிடம் சொல்லியிருக்கிறாள். நாகர்கோவில்காரர், நர்ஸ். அவர் மகன் கிறிஸ்டோ போன வருடம்தான் ஒரு கல்லூரி நீச்சல் அணியில் சேர்ந்தான். ட்யூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். கையில், போட்டிகளில் தென்றல் நீந்திய டைம்களை எழுதிய தாள்.

"அண்ணே, வேலைக்கு இன்டர்வியூ போனப்ப, எனக்கு சுமாராத்தான் கோடிங் வரும்னா சொன்னீங்க?"

"அது வேறங்க."

"என்ன வேற? அந்தம்மா நீங்க சொன்னத அப்படியே நம்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் என்ன, கோச்சுங்க எது கேட்டாலும் கர்த்தர் கிருபைன்னே சொல்லிட்டிருந்தாரு. நீங்க புகழ வேண்டாம். இத வாசிங்க, போதும். கடிகாரம் சொன்னதுக்குக் கண் படாது."

தென்றலே பேசட்டுமே என்றேன். கெடுத்தவர்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்றார்.

கோச்சைப் போனில் கூப்பிட்டுத் தாளை வாசித்தேன். நூறு யார்டு பட்டர்ஃப்ளை, ஐம்பத்தேழு புள்ளி எட்டு வினாடி. தப்பு செய்கிறவன் போல என் குரல் தாழ்ந்தது. மூன்றாவது வரிக்குப் பிறகு தாளைப் பார்க்கத் தேவைப்படவில்லை. மறுமுனையில் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, உங்கள் மகள் இருக்கிறாளா என்றார்.

அவள் மாடிப்படியில்தான் நின்றிருந்தாள். போனைக் கொடுத்தேன். அக்டோபரில் கல்லூரியைப் பார்க்க வரச்சொல்கிறார் என்று அவள் பதில்களிலிருந்து புரிந்தது.

ஜெயகுமாரி கிளம்பினார். நன்றி என்ற சொல் எனக்கு வாயில் வராது. கார் வரை கூடவே போனேன். கதவைத் திறந்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நல்லாத்தான் நீந்துறா" என்றேன்.

"அத எங்கிட்ட ஏன் சொல்லுதீங்க? உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க."

உள்ளே வந்தேன். தென்றல் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று படியில் உட்கார்ந்தேன்.