இருபது நாள், இருபத்தாறு வயது

"ஏழு எடத்துல சிவப்பு போட்டிருக்கு" என்று ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தாள் ரஷீதா. லப்பைக்குடிக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். இருபது நாள் மகன் மாமியார் மடியில் கிடந்தான்.

குழந்தை சோர்வாகவே இருந்ததால் அமினோ அமில அளவுகளைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்தப் பெரம்பலூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்பியவள் ஜோதி.

"எம் பாலு அவனுக்கு ஆகலையாம். ரெண்டு நாளா டப்பாப் பாலுதான். ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு போவுது."

"டாக்டர் சொன்னாரா?"

"அவர இனிமேதான் பாக்கணும். மாமி சொன்னாங்க."

"ஏழு சிவப்பையும் நானா போட்டேன்?" என்றார் மாமியார்.

ஜோதி தாளை எடுத்தாள். எண்களுக்குப் பக்கத்திலிருந்த வரம்புகள் பச்சைக் குழந்தைக்கு உரியவை அல்ல. மேலே பார்த்தாள்: 'ரஷீதா குழந்தை, பெண், 26.' துபாயிலிருக்கும் குழந்தையின் அத்தா, ரஷீதாவின் கணவர், தான் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், ரத்தம் எடுத்த அன்று தாயின் பெயரை எழுதினாள். எழுதிய கை அப்படியே தாயின் வயதையும் 'பெண்' என்பதையும் எழுதிவிட்டது.

சென்னை லேப்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"தப்பு என்னோடதுதான், அக்கா. புள்ளைக்கு ஒங்க வயசையும் பொம்பளன்னும் எழுதிட்டேன். எண்ணு சரி, ஒப்பிட்ட அளவுதான் தப்பு. டாரின், திரியோனின் மாதிரி சில அமினோ அமிலம் பச்சப்புள்ளைக்கு நம்மளவிடக் கூடவே இருக்கும், வளர வளர எறங்கும். ஆம்பள பொம்பள வித்தியாசம் வயசுக்கு வந்தப்புறந்தான் நல்லாத் தெரியும். தசை கூடுன ஆம்பளைங்களுக்கு லூசின், வேலின் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"அப்ப துபாயில இருக்குற எம் மவனுக்கும் தூக்கலா?" என்றார் மாமியார்.

"இருக்கும்மா."

"ஆக்கிப் போட்டது நானு. ஏறுனது அவனுக்கு."

ரஷீதா சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா எம் பாலக் குடுக்கலம்மா, ஜோதி" என்றாள்.

ஜோதி சென்னைக்குப் பேசினாள். ஒரு மணி நேரத்தில் திருத்திய ரிப்போர்ட் வந்தது. ஆறு சிவப்பு மறைந்து ஒன்று மிச்சமிருந்தது, அதுவும் வரம்புக்குச் சற்று மேலேதான். ஜோதி அதைச் சொன்னதும் டாக்டர் போனில், "பாலை நிறுத்த இதுல ஒண்ணுமே இல்ல, இப்பவே குடுக்கட்டும். சோர்வு எதனாலன்னு பாக்கணும், நேரா இங்க வரச் சொல்லு. இன்னொரு தடவ ரத்தமும் எடுத்துடு" என்றார்.

மாமியார் குழந்தையை நீட்டினார். ரஷீதா வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அவன் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

ஜோதி புதுப் படிவத்தில் முதலில் வயதை எழுதினாள்: 20 நாள். பிறகு, ஆண். பெயர்க் கட்டத்தில் பேனா நின்றது.

"'அத்னான்'னு எழுது" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து ரஷீதா. "அவங்க அத்தா வந்து கூப்புட்டுக்கட்டும்."