இரண்டு அணியும் ஒரு கல்யாண ரொட்டியும்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கல்யாண ரொட்டியின் கதை சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் பவேரியாவில் அகதி முகாமில் இருந்தோம். எங்கள் உக்ரைன் விடுதலை இயக்கம் அதற்குள் இரண்டாகப் பிளந்திருந்தது. முகாமில் ஒரீஸ்யா என்ற பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம். சுமங்கலிகள் கூடிப் பிசைந்தால்தான் அது கல்யாண ரொட்டி. இரண்டு அணிப் பெண்களுமோ ஒரே தொட்டியில் கை வைக்க மறுத்தார்கள்.

“நாட்டைப் பிளந்தவளே!” என்றாள் ஓர் அணியின் பரஸ்கா.

“நாடு எங்கடி இருக்கு, பிளக்கிறதுக்கு?” என்றாள் எதிரணி மெலானியா.

“அத்தைகளா, ரொட்டி இல்லேன்னா மாமியார் என்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க!” என்று அழுதாள் ஒரீஸ்யா.

கடைசியில் அணிக்கொரு உருண்டை பிசைந்து, முகாமில் இருந்த ஒரே அடுப்பில் வைத்தார்கள். சூட்டில் இரண்டும் உப்பி ஒட்டிக்கொண்டன. எது எதோடு போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்க உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டியும் பிளந்தது. அதற்குள் ஒரீஸ்யா ரொட்டியைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னே தீரட்டும், தங்கங்களா.